பெயரை மறைத்துவிட்டால் இதில் நம்மாள் யார்?

ஒற்றைச்சாளரம் (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளாக மனதில் கிடந்ததை இங்கே இறக்கி வைக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர்ப் பிரச்சினைகளைப் பேசுவதற்கென்று ஒரு வாட்ஸப் குழு. அதில் நானும் இருந்தேன். இருந்தேன் என்று ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் புரியும். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, நடுநடுவே பிறந்தநாள் வாழ்த்து, இதுதான் அந்தக் குழு. ஒருநாள் எங்கள் பக்கத்துப் பெண் கவுன்சிலர் ஒருவரைப் பற்றி எதிரணிக்காரர் ஒருவர் எழுதினார். குப்பை வண்டி வராததில் தொடங்கிய பேச்சு, அந்த அம்மா ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார், யாருடைய வண்டியில் திரும்புகிறார் என்பதில் போய் நின்றது. நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எங்கள் பக்கத்தார் கொதித்தார்கள். ஒருவர் தட்டிக்கேட்டார். அவருக்குக் கிடைத்த பதில்: "அது ஆதங்கம் சார். வரி கட்டுறவன் வயித்தெரிச்சல்."

எட்டு மாதம் போனது. இப்போது இந்தப் பக்கத்து ஆள் ஒருவர், அந்தப் பக்கத்துப் பெண் கவுன்சிலரைப் பற்றி எழுதினார். சொந்தமாக யோசிக்கக்கூட இல்லை. அதே மணிக்கணக்கு, அதே வண்டி. ஆனால் இந்தமுறை ஆதங்கம் செல்லுபடியாகவில்லை. கண்டன அறிக்கை வந்தது, காவல் நிலையத்துக்கு மனு போனது. மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர், முதல் சம்பவத்தில் சிரிப்புப் பொம்மை போட்ட அதே ஆள். முதல் சம்பவத்தில் கொதித்தெழுந்த எங்கள் பக்கத்தாரோ, "எந்தச் சூழலில் சொன்னார் என்று பார்க்க வேண்டும்" என்று மென்று விழுங்கினார்கள்.

நான் ஒரு வேலை செய்தேன். இரண்டு ஸ்கிரீன்ஷாட்டிலிருந்தும் அந்த வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். எழுதியவர் பெயரையும் எழுதப்பட்டவர் பெயரையும் கறுப்படித்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழுவில் போட்டு, "இதில் எது தப்பு?" என்று கேட்டேன். எப்போதும் வாய் ஓயாத குழு, நாற்பது நிமிடம் மூச்சுவிடவில்லை. அப்புறம் ஒருவர் கேட்டார்: "இதில் நம்மாள் யாரு?"

சத்தியமாக அப்படித்தான் கேட்டார். அது தெரிந்தால்தானே கொதிப்பதா சிரிப்பதா என்று முடிவெடுக்க முடியும்! பத்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

கெட்ட வார்த்தை எழுதுகிறவன் எல்லாக் காலத்திலும் இருப்பான், அவனைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அதை நிறுத்துப் பார்க்க ஆளுக்கு இரண்டு தராசு வைத்திருக்கிறார்களே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கிண்டல்மணி

நீக்கினார்களே, அதற்காவது ஒரு தைரியம் வேண்டும். எங்கள் குழுவில் நீக்க மாட்டார்கள். "நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பலாம்" என்று மாற்றிவிட்டு, கருத்துச் சுதந்திரம் பற்றி அட்மின் ஒரு கட்டுரையை ஃபார்வர்டு செய்வார்.

சின்ன ஊரில் போலிக் கணக்கு வைத்திருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பரிதாபமாக இருக்கும். முகப்புப் படத்தில் சிங்கம் இருக்கும், பெயர் "உண்மையின் குரல்". ஆனால் ஊழலை எப்போதும் "ஊழள்" என்றே எழுதுவார். ஊரில் அப்படி எழுதுகிற ஒரே மனிதர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலையில் எதிரில் பார்த்தால் வணக்கம் சொல்வோம். அவரும் சொல்வார். பெருநகரத்தில் திட்டியவனின் முகம் தெரியாது. இங்கே முகம் தெரியும், வீடு தெரியும், அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதும் தெரியும்.

வழக்குக்கட்டு

இந்த மாதிரி இழைகளில் பத்தாவது மறுமொழிக்குள் யாராவது ஒருவர் "கடுமையான சட்டம் வேண்டும்" என்பார். அவருக்கு முன்னால் நான் வந்துவிடுகிறேன்.

அந்தச் சட்டம் இருந்தது ஐயா. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-ஏ பிரிவு. 2008 திருத்தத்தில் சேர்க்கப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. "மிகவும் புண்படுத்தும்" செய்தி, "எரிச்சலூட்டும்" செய்தி என்றெல்லாம் அதில் வார்த்தைகள். மூன்று ஆண்டு வரை சிறை. எரிச்சல் என்றால் யாருடைய எரிச்சல் என்று சட்டம் சொல்லவில்லை. நடைமுறையில் அது செல்வாக்குள்ளவரின் எரிச்சலாகத்தான் இருந்தது.

2012 நவம்பரில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைந்த மறுநாள் மும்பையில் எல்லாம் அடைத்துக் கிடந்தது. அது தேவையா என்று பால்கர் ஊரைச் சேர்ந்த ஓர் இளம்பெண் முகநூலில் கேட்டார். அவருடைய தோழி அதற்கு லைக் போட்டார். இரண்டு பேரும் கைது. அந்தப் பெண்ணின் உறவினருடைய மருத்துவமனையை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. அதற்கு முந்தைய மாதம் புதுச்சேரியில் ஒரு சிறுதொழில் செய்பவர், அன்றைய மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்காகக் கைதானார். கைதாகும்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர் என்று செய்தி வந்தது. 16 பேர்! ஒரு டீக்கடை பெஞ்சில் அதைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. ஒன்றைப் பற்றி விவாதிப்பது, ஒன்றை ஆதரித்துப் பேசுவது, ஒன்றைச் செய்யச் சொல்லித் தூண்டுவது, இவை மூன்றும் வேறு வேறு. முதல் இரண்டும் எத்தனை பேருக்குப் பிடிக்காமல் இருந்தாலும் பேசலாம், மூன்றாவது வரும்போதுதான் அரசு கை வைக்கலாம் என்றது தீர்ப்பு. அப்படியும் செத்த பிரிவில் வழக்குப் போடுவது நிற்கவில்லை. 2021-ல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. 2022 அக்டோபரில், இனி யார் மீதும் இதில் வழக்கு நடத்தக் கூடாது என்று மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

ஒற்றைச்சாளரம் சொன்ன அந்த மணிக்கணக்குப் பேச்சுக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு பெண்ணின் மாண்பை அவமதிக்கும் நோக்கத்தோடு சொல்லும் சொல்லுக்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் 509, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 79. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. சட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை. மனுவை வாங்குகிறவர் முதலில் என்ன கேட்கிறார் என்பதில்தான் ஓட்டை. அந்தக் கேள்வியும் "இதில் நம்மாள் யாரு" என்பதுதான்.

வார்டு_முன்னாள்

நான் ஒரு தவணை உறுப்பினராக இருந்தவள். பெயர் வேண்டாம்.

என்னோடு அதே மன்றத்தில் இருந்த ஆண் உறுப்பினரைத் திட்டினால் "திருடன்" என்பார்கள். என்னைத் திட்டும்போது திருட்டு வராது, நடத்தை வரும். என் கணவரைத் திட்டினாலும் என் நடத்தைதான் வரும். தண்ணீர் வராததற்கும் என் புடவைக்கும் என்ன சம்பந்தம் என்று ஆரம்பத்தில் யோசித்துக்கொண்டே இருப்பேன். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன். அந்தக் கமெண்ட்டுகளைவிட வலித்தது அதற்குக் கீழே வந்த பொம்மைகள்தான். பொம்மை போட்டவர்களில் இரண்டு பேருக்கு நான் முதியோர் உதவித்தொகை மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இங்கே என்னை யாருக்கும் தெரியாது என்கிற தைரியத்தில். என் பக்கத்தில் ஆபாசமாக எழுதியவர்களை ஒரு நாள் உட்கார்ந்து வரிசையாகப் பிளாக் செய்தேன். பதினோரு பேர். பன்னிரண்டாவதாக ஒருவரையும் சேர்த்தே செய்தேன். அவர் ஒரு வார்த்தைகூடத் தப்பாக எழுதியதில்லை. கால்வாய் வேலைக்கு ஒதுக்கிய பணத்தின் கணக்கை மூன்று வாரமாக மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினொன்றோடு பன்னிரண்டாகப் போகட்டும் என்று விட்டேன். யாராவது கேட்டிருந்தால், "பெண் என்பதால் என்னை இழிவுபடுத்துகிறார்கள்" என்று சொல்லியிருப்பேன். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் அவருடைய கேள்வியை ஒளித்து வைத்தேன்.

நடுநிலைப்பள்ளி

அக்கா, வணக்கம். நீங்கள் எழுதிய அந்தப் பன்னிரண்டாவது ஆள் அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்!

மிஷிகன் மாநிலத்தில் போர்ட் ஹியூரன் என்று ஒரு சிறு நகரம், சுமார் 29,000 பேர். நகர மேலாளர் ஜேம்ஸ் ஃப்ரீட். அவருடைய முகநூல் பக்கத்தில் மகளின் படமும் வரும், நகராட்சி அறிவிப்பும் வரும். கொரோனா காலத்தில் நகராட்சி செய்தது போதாது என்று கெவின் லிண்ட்கி என்பவர் அதில் எழுதினார். முதலில் கமெண்ட்டுகள் அழிக்கப்பட்டன, பிறகு ஆளே பிளாக். 2024 மார்ச்சில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பு சொன்னார்கள். பதவியில் இருப்பவருக்கும் சொந்த வாழ்க்கை உண்டு, சொந்தப் பேச்சு உண்டு. ஆனால் அரசின் சார்பில் பேச அவருக்கு உண்மையிலேயே அதிகாரம் இருந்து, அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியும் இருந்தால், அங்கே குடிமகனின் வாயை அடைக்க முடியாது. பதிவு பதிவாகப் பார்க்க வேண்டும் என்று வழக்கைக் கீழே திருப்பி அனுப்பினார்கள். ஒரு கமெண்ட்டை அழித்தால் அந்தப் பதிவோடு போயிற்று, ஆளையே பிளாக் செய்தால் பக்கம் முழுக்க அவருக்கு மூடிவிடுகிறது, அதனால் பிளாக் செய்கிற அதிகாரிக்குத்தான் ஆபத்து என்றும் சொன்னார்கள். மகள் படத்தையும் குடிநீர் அறிவிப்பையும் ஒரே பக்கத்தில் போட்டால் வருகிற வினை இது.

அதே நாளில் இதற்குத் துணையாக இன்னொரு வழக்கையும் கீழே திருப்பி அனுப்பினார்கள். கலிஃபோர்னியாவில் பவே என்ற ஊரின் பள்ளி வாரிய உறுப்பினர்கள், ஒரு பெற்றோரைப் பிளாக் செய்திருந்தார்கள். அந்தத் தந்தை சுமார் பத்து நிமிடத்தில் 226 ட்வீட்டுகளுக்குக் கீழே ஒரே பதிலை ஒட்டியிருக்கிறார். அதில் வசவு கிடையாது, குறைதான். ஆனாலும் 226 தடவை! அந்த உறுப்பினர்களின் நிலையையும் கொஞ்சம் நினைத்துப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது.

கறார்கந்தசாமி

எல்லாம் சரி. பொதுவாழ்க்கைக்கு வந்துவிட்டு யாரும் திட்டக் கூடாது என்றால் எப்படி? தோல் தடிப்பாக இருப்பவர்கள் மட்டும் வரட்டும். நாங்கள் வரி கட்டுகிறோம், நாலு வார்த்தை பேசத்தான் செய்வோம்.

வழக்குக்கட்டு

கந்தசாமி, நீங்கள் சொல்வதில் பாதிக்கு நீதிமன்ற ஆதரவே இருக்கிறது. சாதாரண ஆளைவிட அரசியல்வாதி அதிக விமர்சனத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1986-லேயே லிங்கன்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. வேல்ஸில் மேனோர்பியர் என்ற சின்னஞ்சிறு ஊரின் மன்ற உறுப்பினர், சக உறுப்பினர்களை இணையத்தில் நக்கலடித்து எழுதினார். நடத்தை விதியை மீறினார் என்று அவரைக் கண்டித்தார்கள். 2012-ல் உயர் நீதிமன்றம் அந்த முடிவைச் செல்லாது என்றது. நக்கல் அரசியல் பேச்சுதான், அதற்குப் பாதுகாப்பு உண்டு என்பது காரணம்.

அதைக் கொண்டுபோய் "ராத்திரி யாருடைய வண்டியில்" என்பதற்கு நீட்டாதீர்கள். மேனோர்பியர்க்காரர் நக்கலடித்தது மன்றம் நடக்கிற லட்சணத்தை.

கறார்கந்தசாமி

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோடு எங்கே என்று யார் சொல்வது? இன்றைக்கு "வண்டி"யைத் தடுப்பீர்கள், நாளைக்குக் கால்வாய்க் கணக்கு கேட்டாலும் அவதூறு என்பீர்கள். மேலே அக்கா சொன்னதும் அதைத்தானே?

வார்டு_முன்னாள்

ஆமாம் தம்பி. அதைத்தான் சொன்னேன்.

பழைய_எழுத்தர்

இந்த இழையில் வயதானவன் நானாகத்தான் இருப்பேன். மன்ற அலுவலகம் ஒன்றில் பல வருடம் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதியவன். கூட்டத்தில் என்ன பேசினார்கள், அதில் என்னவெல்லாம் குறிப்பில் ஏறவில்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும். காது கூசுகிற வசவு பறக்கும். குறிப்பில் "உறுப்பினர்கள் காரசாரமாக விவாதித்தனர்" என்று எழுதுவோம். முகநூல் செய்த ஒரே மாற்றம், குறிப்பெழுத எழுத்தர் இல்லாமல் போனதுதான்.

அதனால்தான் இங்கிலாந்தின் ஹேண்ட்ஃபோர்த் வீடியோவை மறக்க முடியவில்லை. 2020 டிசம்பரில் ஜூமில் நடந்த ஒரு சிற்றூர் மன்றக் கூட்டம். 2021 பிப்ரவரியில் உலகமே பார்த்தது. கூட்டத்தை நடத்தித் தர வந்த ஜாக்கி வீவரைப் பார்த்துத் தலைவர் "உனக்கு இங்கே அதிகாரம் இல்லை" என்று கத்துகிறார். அந்த அம்மா பதற்றமே இல்லாமல் அவரைக் கூட்டத்திலிருந்து வெளியேற்றுகிறார். "விதிகளைப் படி" என்று இன்னொருவர் காது கிழியக் கூச்சலிடுகிறார். எல்லோரும் ஜாக்கி பக்கம். நானும்தான். பிறகு விசாரணை நடந்தது, அதற்கு 85,000 பவுண்டுக்கு மேல் செலவானது. வந்த முடிவு: உறுப்பினர்களின் நடத்தை மோசம், அதே சமயம் அப்படி வெளியேற்ற அந்த அம்மாவுக்கும் முறைப்படி அதிகாரம் இல்லை. கத்தியவர் சொன்னது, விதிப்படி பார்த்தால், சரி! இதை என் நண்பர்களிடம் சொன்னால் ஒருவருக்கும் பிடிப்பதில்லை. வீடியோ பார்த்த அன்றைக்கே நம்மாள் யார் என்று முடிவாகிவிட்டதே.

அந்த நாட்டில் மன்ற உறுப்பினர்கள் தகாத முறையில் நடந்தால் இடைநீக்கம் செய்யும் அதிகாரத்தை 2011 சட்டத்தில் எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு கண்டனத் தீர்மானம் மாதிரி ஏதாவதுதான் செய்ய முடியும். ஆறு மாதம் வரை இடைநீக்கம் வேண்டும் என்று பொதுவாழ்வு நெறிக்கான குழு 2019-ல் பரிந்துரைத்தது. எனக்கு அதில் அரை மனதுதான். இடைநீக்கத்துக்கு வாக்களிப்பவர்கள் யார்? எதிரணிதானே.

கிண்டல்மணி

மன்னிப்புக் கடிதங்களைப் பற்றி யாருமே பேசவில்லையே. எனக்குப் பிடித்த இலக்கிய வகை அது.

என் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள். (பதிவு போட்டு மூன்று நாள் கழித்து, பேச்சு வந்த பிறகுதான் ஹேக்கர் விழித்தார்.) என் பக்கத்தை நிர்வகிக்கும் தம்பி தெரியாமல் போட்டுவிட்டான். (தம்பிக்குப் பெயரே கிடையாது.) யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன். (புண்பட்டிருந்தால்!) அப்புறம் எல்லாவற்றுக்கும் ராஜா: படிக்காமல் பகிர்ந்துவிட்டேன்.

நடுநிலைப்பள்ளி

கடைசியாகச் சொன்னதற்கு விலை உண்டு மணி. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய இழிவான பதிவை 2018-ல் பகிர்ந்த வழக்கில் எஸ்.வி. சேகர் தரப்பு அதைத்தான் சொன்னது. கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் படிக்க முடியவில்லை என்பதுவரை போனது வாதம். 2023-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சமூக ஊடகத்தைப் பயன்படுத்துகிறவர் அது எவ்வளவு தூரம் போகும் என்று கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2024-ல் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் அபராதமும் விதித்தது.

சின்ன ஊர் உதாரணம் வேண்டுமென்றால் மேற்கு வர்ஜீனியாவில் கிளே. மொத்தமே ஐந்நூறு பேர் சுமாருக்கு உள்ள ஊர். 2016 நவம்பரில் மிஷேல் ஒபாமாவைக் குரங்கோடு ஒப்பிட்டு ஒருவர் முகநூலில் எழுதினார். ஊர் மேயர் பெவர்லி வேலிங் அதற்குக் கீழே, இன்றைய நாளையே சந்தோஷமாக்கிவிட்டாய் என்கிற மாதிரி ஒரு வரி எழுதினார். வசவு அவருடையதல்ல, வெறும் ரசிப்பு. பிறகு விளக்கம் கொடுத்தார்: இனவெறியோடு சொல்லவில்லை, வெள்ளை மாளிகையில் மாற்றம் வருவதைத்தான் சொன்னேன். சில நாளில் பதவியை விட்டார். வார்டு_முன்னாள் அக்கா சொன்ன சிரிப்புப் பொம்மையின் எடை எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்வேன்.

குழு_அட்மின்

நான் ஒரு உள்ளூர்க் குழுவின் அட்மின். இங்கே அட்மின்களைக் கழுவிக் கழுவி ஊற்றுகிறீர்கள், சரி. எங்கள் நிலைமையையும் கேளுங்கள். உறுப்பினர் எழுதியதற்கு அட்மினைப் பிடித்துப் போவார்கள் என்கிற பயத்தில் பல வருடம் ராத்திரி தூக்கத்தில் எழுந்து போன் பார்த்திருக்கிறேன். உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் குற்றவாளி ஆக மாட்டார் என்று பாம்பே உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் சொன்ன பிறகுதான் கொஞ்சம் நிம்மதி. ஆனால் உள்ளூரில் தீர்ப்பை யார் படிக்கிறார்கள்? "உன் குழுவில்தானே வந்தது" என்று வீட்டு வாசலுக்கு வருவார்கள்.

ஒற்றைச்சாளரம் மாதிரி ஒருவர் எங்கள் குழுவில் படம் போட்டிருந்தால் நானும் நீக்கியிருப்பேன். நியாயம் பேசியதற்காக இல்லை. அன்றைக்கு ராத்திரி நான் தூங்க வேண்டும்.

கறார்கந்தசாமி

இந்த இழையிலேயே முதல் நேர்மையான பதில் இதுதான்.

ஒற்றைச்சாளரம்

எல்லோருக்கும் நன்றி. குழு_அட்மின், உங்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான். முன்னாள் உறுப்பினர் அக்காவுக்குத் தனியாக ஒரு வணக்கம். அந்தப் பன்னிரண்டாவது ஆளின் பிளாக்கை இப்போதாவது எடுத்துவிட்டீர்களா?

வார்டு_முன்னாள்

நேற்று எடுத்தேன். ராத்திரியே வந்துவிட்டார். "நன்றி மேடம். கால்வாய்க் கணக்கு?"

ஒற்றைச்சாளரம்

ஒரு செய்தி. இன்று காலை என்னைத் திரும்பக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். சிபாரிசு செய்தவர், நம்மாள் யாரு என்று கேட்ட அதே மனிதர். சேர்த்த கையோடு தனிச்செய்தி அனுப்பினார்: "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் தம்பி. அந்த ரெண்டுல நம்மாள் எழுதினது எது?"

சொல்லித் தொலைக்கலாம் என்று படத்தை எடுத்துப் பார்த்தேன். அசல் ஸ்கிரீன்ஷாட்டுகளை எப்போதோ அழித்துவிட்டேன், கறுப்படித்தது மட்டும்தான் இருக்கிறது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அரை மணி நேரமாகப் பார்க்கிறேன். எனக்கே தெரியவில்லை.